போர் நடக்கும் நாடுகளில் குழந்தைகளின் படிப்புக்கு நம்மைப் போன்ற தனி மனிதர்கள் எப்படி உதவலாம்?

கேள்வி கேட்டவர், நண்பர்களோடு சேர்ந்து நோட்டு, பென்சில், பள்ளிப் பை எல்லாம் திரட்டி அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறார். நல்ல மனசு. ஆனால் பெட்டி கட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள், ஏனென்றால் நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டுப் பதினொரு பெட்டி சேர்த்தோம். அனுப்பும் செலவு, உள்ளே இருந்த பொருட்களின் விலையைத் தாண்டிவிட்டது. போய் இறங்கிய துறைமுகத்தில், சுங்கத்துக்கான காகிதங்கள் சரியாக இல்லை என்று பல மாதம் கிடந்தன. கடைசியில் எத்தனை நோட்டு ஒரு பிள்ளையின் கைக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பணத்தை அங்கேயே வேலை செய்கிற ஓர் அமைப்புக்குக் கொடுத்திருந்தால் பக்கத்து ஊர்ச் சந்தையிலேயே இரண்டு மடங்கு நோட்டு வாங்கியிருப்பார்கள்.

பொருட்கள் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. யுனிசெஃப் அமைப்பிடம் 'பெட்டிக்குள் பள்ளி' என்று ஒன்று இருக்கிறது. 1994 ருவாண்டாப் படுகொலைக்குப் பிறகு, அகதி முகாம்களில் இருந்த பிள்ளைகளுக்காக உருவானது. ஓர் உலோகப் பெட்டி, அதற்குள் 40 பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் வகுப்பு நடத்தத் தேவையான சாமான்கள். மூடியின் உட்புறத்தில் வண்ணம் பூசினால் அதுவே கரும்பலகை. உள்ளே இருக்கும் நோட்டுகளில் ஓரக்கோடு கிடையாது. அரபி மாதிரி வலமிருந்து இடமாக எழுதும் பிள்ளைக்கும், இடமிருந்து வலமாக எழுதும் பிள்ளைக்கும் ஒரே நோட்டு பயன்படட்டும் என்பதற்காக. எங்கோ முகம் தெரியாத ஒரு குழந்தை எந்தப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்தப் பெட்டியைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். நாளைக்கும் வந்து திறக்க வேண்டும். இதை எனக்குப் புரியவைத்தவர் சூடான் நாட்டு ஆசிரியை ஒருவர்.

ஆங்கிலம் பேசிப் பழக விரும்பும் ஆசிரியர்களோடு வாரம் ஒரு மணி நேரம் இணையத்தில் பேசும் தன்னார்வ வேலையில் சேர்ந்தபோது அறிமுகமானவர். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. தலைநகர் கார்ட்டூமில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் ஒரு துணை ராணுவப் படைக்கும் சண்டை வெடித்தது. குடும்பத்தோடு கிழக்கே போர்ட் சூடானுக்குப் போய்ச் சேர்ந்தார். சம்பளம் நின்றுவிட்டது, அவருக்கு மட்டுமல்ல, நாட்டின் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு. போய்ச் சேர்ந்த ஊரிலோ பள்ளிக்கூடங்களில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. ஒரு வகுப்பறைக்கு மூன்று நான்கு குடும்பம். அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பாடம் நடத்த யாருக்கு மனசு வரும்? அதனால் தாழ்வாரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தார். முப்பது பேர் வந்தார்கள். நோட்டும் சுண்ணக்கட்டியும் எப்படியோ கிடைத்தன.

மூன்று மாதம் நடத்தினார். நான்காவது மாதம் தெருவோரத்தில் தேநீர் விற்கப் போய்விட்டார், வீட்டில் சாப்பாட்டுக்கு வேறு வழி இல்லாமல். வகுப்பு நின்றது. நோட்டுகள் இருந்தன, பலகை இருந்தது, பிள்ளைகளும் அங்கேயேதான் இருந்தார்கள்.

பிறகு ஒரு சிறிய உதவி அமைப்பு மாதாமாதம் ஏதோ கொஞ்சம் கொடுக்க முன்வந்ததும் திரும்பி வந்தார். இந்தத் துறையில் அதைச் சம்பளம் என்று சொல்வதில்லை, 'ஊக்கத்தொகை' என்பார்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடிப்பதில்லை. முழு நாள் வேலைக்குக் கொடுப்பதை வேறென்ன சொல்வது? ஆனால் அந்தத் தொகைதான் முப்பது பிள்ளைகளின் படிப்பைத் திருப்பிக் கொடுத்தது.

அதனால் என் பதில் இதுதான்: உங்கள் பணம் ஓர் ஆசிரியரை அடுத்த மாதமும் வகுப்பில் நிறுத்துமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நன்கொடை கேட்கும் எந்த அமைப்பிடமும் இதை நேராகக் கேட்கலாம். ஆசிரியருக்குப் பணம் கொடுக்கிறீர்களா, எத்தனை மாதத்துக்கு உறுதி, அவர் அந்த ஊர்க்காரரா? முடிந்தால் ஒரே தடவையில் பெரிய தொகையாகக் கொடுக்காமல், மாதம் சிறிது சிறிதாக, இன்னதற்கு மட்டும்தான் என்று கட்டிப்போடாமல் கொடுங்கள். பள்ளிக் கட்டடம் கட்டித் தருகிறேன், பெயர்ப் பலகை வைக்கிறேன் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பன்னிரண்டாவது மாத ஊக்கத்தொகைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

'அந்த ஊர்க்காரரா' என்று கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு: ஆசிரியர் உள்ளூரிலேயே இருந்தால் வகுப்பும் ஊருக்குள்ளேயே நடக்கும். ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் 2007 வாக்கில் ஓர் ஆய்வு நடந்தது. தொலைவில் இருக்கும் அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவதற்குப் பதில், சில கிராமங்களுக்குள்ளேயே வகுப்புகளைத் தொடங்கினார்கள். வகுப்பு வந்த கிராமங்களில் பள்ளியில் சேர்ந்தவர்களின் விகிதம் 42 சதவீதப் புள்ளிகள் கூடியது. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இடையே இருந்த 21 புள்ளி இடைவெளி காணாமலே போனது. தூரம் குறைந்தால் பெண்ணைப் பெற்றவர்களின் பயமும் குறைகிறது. பெரிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை.

அதே நாட்டில் 2021 செப்டம்பர் முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியவில்லை. 2022 டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. இப்போது வீடுகளுக்குள்ளும் இணையத்திலும் சத்தமில்லாமல் படிக்கிறார்கள். இப்படிப்பட்ட வகுப்புக்கு உதவினால், தயவுசெய்து புகைப்படம் கேட்காதீர்கள், கிடைத்தாலும் எங்கும் பகிராதீர்கள். நம்முடைய ஒரு பதிவுக்கு அங்கே ஒரு பெண் விலை கொடுக்க வேண்டிவரும்.

அப்புறம், பலர் யோசிக்காத இன்னொரு விஷயம்: சான்றிதழ். போரில் நான்கு வருடம் போய்விட்ட பதினான்கு வயதுப் பையன் பத்து வயதுக் குழந்தைகளோடு உட்கார மாட்டான். அதற்காகத்தான் துரிதக் கல்வித் திட்டங்கள் இருக்கின்றன. தெற்கு சூடானில் எட்டு வருடத் தொடக்கக் கல்வியை நான்கு வருடத்தில் முடிக்க வைக்கிறார்கள். ஆனால் முடித்த பின் அரசு ஏற்கிற தேர்வு எழுத முடிய வேண்டும். சூடானில் 2023ல் பள்ளி இறுதித் தேர்வு எழுதியிருக்க வேண்டியவர்கள் 2024 டிசம்பர் இறுதியில்தான் எழுதினார்கள். அதுவும் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில்தான் பெரும்பாலும் நடந்தது. மேற்கே இருக்கும் டார்ஃபூர் பகுதிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. நான் சொன்ன ஆசிரியையின் அக்கா மகன் அந்தத் தேர்வுக்காக நாள் கணக்கில் பயணம் செய்து வந்தான். எனவே நீங்கள் உதவும் வகுப்பின் முடிவில் என்ன தேர்வு, அதை யார் ஏற்கிறார்கள் என்றும் கேளுங்கள். மேலே படிக்க நினைக்கும் அகதி மாணவர்களுக்கு ஐ.நா. அகதிகள் அமைப்பு வழியாக 1992 முதல் நடக்கும் 'டாஃபி' உதவித்தொகை இருக்கிறது. அப்படி யாரையாவது தெரிந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவு பெரிய பிரச்சினையில் நம் சிறு தொகை என்ன செய்துவிடும் என்ற சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. 2025 தொடக்கத்தில் வெளியான மதிப்பீட்டின்படி, போரும் பேரிடரும் போன்ற நெருக்கடிகளில் சிக்கிப் படிப்புக்கு உதவி தேவைப்படுபவர்கள் ஏறத்தாழ 23 கோடி 40 லட்சம் பிள்ளைகள். அவர்களில் எட்டரைக் கோடிப் பேர் பள்ளிக்கே போவதில்லை. உலகம் தருகிற மனிதாபிமான நிதியிலோ கல்விக்குப் போவது நூற்றில் மூன்று பங்கு என்ற அளவில்தான். 2025ல் அந்த நிதியும் சுருங்கியபோது, வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாம்களில் ரோஹிங்கியாப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த உள்ளூர் ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். கை வைக்கப்படுவது முதலில் ஆசிரியர் மீதுதான். அந்த இடத்தில் மாதம் தவறாமல் வரும் சிறு தொகை நிஜமாகவே ஒரு வகுப்பைக் காப்பாற்றுகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் இரண்டு செய்யலாம். ஒன்று, மேலே சொன்ன மாதிரி வாரம் ஒரு மணி நேரம் ஓர் ஆசிரியரோடு பேசுவது. இரண்டாவது, 2015ல் ஆஸ்லோவில் தொடங்கிய 'பாதுகாப்பான பள்ளிகள் பிரகடனம்' பற்றிக் கேட்பது. பள்ளிகளைப் படைமுகாம் ஆக்காமல் தவிர்க்க 120க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுதி தந்திருக்கின்றன. உங்கள் நாடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

சரி, நீங்கள் ஏற்கெனவே திரட்டிவிட்ட நோட்டுகளும் பைகளும் என்ன ஆவது? அவற்றைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டாம். நீங்கள் இருக்கும் இடத்துக்கு எட்டும் தூரத்தில் அகதிக் குழந்தைகள் படிக்கும் பள்ளி இருந்தால், தலைமை ஆசிரியரைப் பார்த்து என்ன தேவை என்று கேட்டுவிட்டு அங்கே கொடுங்கள். அனுப்பும் கூலிக்கென்று எடுத்துவைத்திருக்கிறீர்கள் அல்லவா, அந்தப் பணத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் ஓர் ஆசிரியருக்குப் போகும்படி செய்யுங்கள்.