ஸ்கேன் எடுத்தால் கட்டியா, காயமா என்று தெரிந்துவிடும்தானே? பிறகு ஏன் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கச் சொல்கிறார்கள்?

கேள்வியோடு இரண்டு அனுபவங்களை எழுதியிருக்கிறீர்கள். வண்டியிலிருந்து விழுந்த உங்கள் அண்ணனுக்குத் தலையில் ஒரே ஒரு சிடி எடுத்து, சில நிமிடங்களில் முடிவு சொல்லிவிட்டார்கள். அம்மாவின் கல்லீரலில் கட்டி இருக்கலாம் என்றபோது மட்டும் அல்ட்ராசவுண்ட், சிடி, எம்ஆர்ஐ என்று மூன்றும் எடுத்துவிட்டு, கடைசியில் “ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்” என்கிறார்கள். இவ்வளவு முன்னேறிய கருவிகள் இருந்தும் ஏன் இந்த அலைச்சல் என்று கேட்கிறீர்கள்.

அந்தப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. பதினாறு ஆண்டுகளாக இருட்டறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இரண்டு பேருக்கும் நடந்தது முறையான வைத்தியம்தான் என்று நினைக்கிறேன். இரண்டு பேருக்கும் கேட்கப்பட்ட கேள்வி வேறு. ஸ்கேன் எதுவும் தானாக வந்து “இதுதான் நோய்” என்று சொல்வதில்லை. அதனிடம் என்ன கேட்கிறோமோ அதற்குத்தான் பதில் கிடைக்கும்.

அண்ணனிலிருந்து தொடங்குகிறேன். தலையில் அடிபட்டவரைப் பற்றி முதல் ஒரு மணி நேரத்தில் மருத்துவர் அறிய விரும்புவது: உள்ளே ரத்தம் கசிகிறதா, உடனே திறந்தாக வேண்டுமா? இதற்குச் சிடியைவிடப் பொருத்தமான கருவி இல்லை. சிடி, உடலின் ஒவ்வொரு புள்ளியும் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓர் எண்ணாக மாற்றுகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்பது அளவுகோல். அந்த அலகு, கருவியை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்குகிறது. மூளைத் திசு ஏறக்குறைய 25 முதல் 40 வரை நிற்கும். புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 50-ஐத் தாண்டிவிடும். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் சாம்பல் நிற மூளைக்கு நடுவே வெள்ளையாகத் தெரிய அது போதும்.

ஓர் இரவு வந்த படம் இன்னும் கண்ணில் இருக்கிறது. இளைஞர், கீழே விழுந்தவர், தானே நடந்து வந்து மேசையில் படுத்தார், பெயர் கேட்டால் சரியாகச் சொன்னார். படங்களைக் கீழிருந்து மேலாக உருட்டிக்கொண்டே போனேன். காதுக்குச் சற்று மேலே, மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி, இருபக்கமும் குவிந்த கண்ணாடி வில்லை போல ஒரு வெள்ளை. எலும்பைக் காட்டும் அமைப்புக்கு மாற்றினேன். முடியளவு மெல்லிய முறிவுக்கோடு ஒன்று, தமனி ஓடும் பள்ளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது. இது மூளையின் உறைக்கு வெளியே, எலும்புக்கும் உறைக்கும் இடையே, பெரும்பாலும் தமனியிலிருந்து சேரும் ரத்தம். உறை எலும்போடு இறுகப் பற்றியிருப்பதால் ரத்தம் பரவ இடமின்றி வில்லையாகக் குவிகிறது. உறைக்கு உட்புறம் கசிந்திருந்தால் மூளையின் மேற்பரப்போடு பிறைநிலா போலப் பரவியிருக்கும். அந்த வடிவத்தை வைத்தே ரத்தம் எந்த இடைவெளியில் சேர்கிறது என்று சொல்லிவிடலாம். இத்தகையவர்கள் சிறிது நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று நினைவு தப்பிவிடுவதுண்டு. அதனால் ரிப்போர்ட் தட்டச்சாகும்வரை காத்திருக்கவில்லை. அவர் மேசையிலிருந்து இறங்கும் முன்பே அறுவை மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அவர் பிழைத்தார்.

இதே இடத்தில் எம்ஆர்ஐ எடுத்திருந்தால் இருபது, முப்பது நிமிடம் போயிருக்கும். உடலில் உலோகம் ஏதும் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்; நினைவில்லாதவரிடம் யார் கேட்பது? பெரும்பாலான கருவிகளின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் முப்பதாயிரம் மடங்கு. சாதாரண ஆக்சிஜன் சிலிண்டர் அறைக்குள் வந்தால் பறந்து போய் ஒட்டிக்கொள்ளும். உயிருக்குப் போராடுபவரைச் சுற்றி நிற்கும் கருவிகளோடு அங்கே போவது எளிதல்ல.

அதற்காகச் சிடி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று எண்ண வேண்டாம். வேகமாகச் சுழன்று அதிர்ந்த மூளையில் நரம்பிழைகள் அறுந்திருக்கலாம். சிடி ஏறக்குறைய இயல்பாக இருக்கும். ஆள் கண் திறக்கமாட்டார். அப்போதுதான் எம்ஆர்ஐ தேவைப்படுகிறது. நுண்ணிய ரத்தத் துளிகளை அது கரும்புள்ளிகளாகக் காட்டும். அண்ணனுக்கு அது கேட்கப்படாததற்குக் காரணம், அவருடைய நிலை அந்தக் கேள்வியை எழுப்பவில்லை என்பதாகவே இருக்க வேண்டும்.

வயிற்றில் அடிபட்டவருக்கு முதலில் வைப்பது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட். இதயத்தைச் சுற்றி, கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே, மண்ணீரலுக்குப் பக்கத்தில், இடுப்புக் குழியில் என்று நான்கு இடங்களைப் படுக்கையிலேயே வைத்துப் பார்த்துவிடலாம். கறுப்புப் பட்டையாக நீர் தெரிந்தால், அடிபட்டவரிடத்தில் அது ரத்தம் என்றே எடுத்துக்கொள்வோம். எங்கிருந்து கசிகிறது என்று அது சொல்லாது. முதுகுப்பக்கம் கசியும் ரத்தத்தைத் தவறவும் விட்டுவிடும். அதற்குச் சிடி வேண்டும்.

சிறிய எலும்பு ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் பலர் ஏமாறுகிறார்கள். கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமுள்ள படகு எலும்பு முறியலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலே போகலாம். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பகுதி விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கி வருகிறது. முறிவைக் கவனிக்காமல் விட்டால் மறுமுனை ரத்தமின்றிச் செத்துவிடக்கூடும். எனக்கு வரும் சீட்டில் “கை வலி” என்று மட்டும் எழுதியிருந்தால் நான் பார்ப்பது பொதுவான ஒரு கையை. “விழுந்தார், கட்டைவிரல் அடியிலுள்ள குழியில் அழுத்தினால் வலி” என்று எழுதியிருந்தால் அந்த எலும்புக்கென்றே தனிக் கோணத்தில் படம் எடுக்கச் சொல்வேன். அதிலும் தெரியாவிட்டால், கட்டுப் போட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி எடுங்கள், அல்லது எம்ஆர்ஐ பாருங்கள் என்று எழுதுவேன். சீட்டில் ஒரு வரி கூடினால் ஒரு மணிக்கட்டு பிழைக்கிறது.

இனி அம்மா.

கட்டி விஷயத்தில் கேள்வி “இருக்கிறதா” என்பதோடு நிற்பதில்லை. என்ன வகை, எங்கே தொடங்கியது, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தொடர்கிறது. இவை அனைத்துக்கும் ஒரே கருவி விடை தராது. அல்ட்ராசவுண்ட் கதிர்வீச்சு இல்லாமல் “இங்கே ஏதோ இருக்கிறது, உள்ளே நீரா, கெட்டியா” என்று சொல்கிறது. நீர்ப்பை என்று தெளிவாகிவிட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. கெட்டியாக இருந்தால் சிடி அல்லது எம்ஆர்ஐயில், ரத்தக்குழாயில் கான்ட்ராஸ்ட் மருந்து (ரத்தம் போகும் இடங்களைப் படத்தில் பளிச்சென்று காட்டுவது) செலுத்தி, அது கட்டிக்குள் எப்படி நுழைந்து எப்படி வெளியேறுகிறது என்று நேரம் பிரித்துப் பார்க்கிறோம். கல்லீரல் கட்டிகளைப் பிரித்தறிய இதைவிட அழகான வழி எனக்குத் தெரியாது. தீங்கற்ற ரத்தக்குழாய்க் கட்டியில் மருந்து ஓரங்களில் முடிச்சு முடிச்சாகத் தொடங்கி, மெல்ல மெல்ல நடுவை நோக்கி நிரம்பும். அந்த நிரம்பலைத் தெளிவாகப் பார்த்துவிட்டால் ஊசி தேவையில்லை. ஈரல் சுருங்கிப்போனவருக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் நேரெதிர்: தமனி ரத்தம் வரும் கட்டத்தில் பளிச்சென்று ஒளிரும், பிறகு சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிவிடும். இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அத்தகையவர்களுக்குத் திசு எடுக்காமலே முடிவு சொல்வதுண்டு. உங்கள் அம்மாவின் கட்டி இப்படிப்பட்ட தெளிவான கோலம் எதிலும் அடங்கவில்லை என்றுதான் நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. ஸ்கேன் காட்டுவது வடிவத்தை, நீரின் அளவை, ரத்த ஓட்டத்தை. செல்லை அது பார்ப்பதில்லை. நுண்ணோக்கியின் கீழ்தான் செல் தெரியும்; அதற்குத்தான் பயாப்சி.

மூளையிலும் இதே சிக்கல் உண்டு. கான்ட்ராஸ்ட் செலுத்தியதும் வளையம் போல ஒளிரும் ஒன்று, புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம், சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம், காசநோய் முடிச்சாகவும் இருக்கலாம். எம்ஆர்ஐயில் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்று அளக்கும் படம் ஒன்று உண்டு. கெட்டிச் சீழுக்குள் அவை அசைய முடியாமல் திணறுவதால் வளையத்தின் நடுப்பகுதி அதில் பளிச்சென்று தெரியும். அழுகிப்போன கட்டியின் நடுவில் பொதுவாக அப்படித் தெரியாது. ஒருவருக்குச் சீழை வெளியேற்றி நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதா, புற்றுநோய் சிகிச்சையா என்பது அந்த ஒரு படத்தில் திரும்புகிறது. பெட் ஸ்கேனும் இப்படித்தான்: கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸைச் செலுத்தி, எங்கே அதிகம் உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. புற்று ஒளிரும், காசநோயும் ஒளிரும், மூளை எப்போதுமே ஒளிரும். அதன் கதிரியக்கம் ஏறக்குறைய 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். ஒளிர்வதெல்லாம் புற்று என்று யாரும் நடுங்க வேண்டாம்.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைச் சிடியில் எடுத்தபோது தெரிந்ததும் நெற்றிப் பகுதியில் ஒரு மூளைக்கட்டிதான். அந்தப் படம் 80-க்கு 80 கட்டங்கள் மட்டுமே கொண்டது. இன்று 512-க்கு 512 என்பது சாதாரணம். கட்டங்கள் பெருகிவிட்டன, அவற்றைப் பார்க்கும் கண் மட்டும் அதே மனிதக் கண்ணாகவே இருக்கிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் நுரையீரல் சிடி ஒன்றில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகி, முடிச்சுகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். 20 பேர் கொரில்லாவைக் கவனிக்கவில்லை. அவர்கள் தேர்ந்தவர்கள். முடிச்சைத் தேடினார்கள், கொரில்லாவைத் தேடவில்லை.

எனக்கும் அப்படி நடந்தது. பணியில் சேர்ந்த நான்காவது ஆண்டு, கீழே விழுந்த ஒருவரின் தோள்பட்டை எக்ஸ்ரே. மேற்கை எலும்பின் கழுத்தில் முறிவு. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எழுதி அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து அவர் இருமலோடு வந்தார். பழைய படத்தை எடுத்து வைத்தேன். முறிவிலிருந்து நாலு விரல் தள்ளி, படத்தின் மூலையில், நுரையீரலின் உச்சியில் சிறிய நிழல் ஒன்று அன்றே இருந்திருக்கிறது. ஒன்றைக் கண்டுபிடித்த நிறைவில் கண் தேடுவதை நிறுத்திவிட்டது. அவருக்கு முன்னால் உட்கார்ந்து அதைச் சொன்ன நாள் என் வாழ்க்கையின் மிகக் கடினமான நாள்களில் ஒன்று. அன்று முதல் எந்தப் படத்திலும் மூலைகளை முதலில் பார்க்கிறேன், கண்ணை இழுக்கும் இடத்தைக் கடைசியில் பார்க்கிறேன். இதைப் பிறருக்கும் கற்றுக்கொடுக்கிறேன்.

கதிர்வீச்சு பற்றியும் கேட்டிருந்தீர்கள். உடல் பெறும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறோம். தலைச் சிடி சுமார் 2 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே நாம் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறோம். வயிற்றுச் சிடி அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு. தேவையான இடத்தில் அஞ்ச வேண்டியதில்லை. தேவையில்லாமல், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, “எதற்கும் எடுத்துப் பார்த்துவிடலாம்” என்று எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். எம்ஆர்ஐயிலும் அல்ட்ராசவுண்டிலும் இந்தக் கணக்கே இல்லை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பழைய படங்களைத் தேடுங்கள். கட்டி வளர்கிறதா, நிற்கிறதா என்பதை ஒற்றைப் படத்தால் சொல்ல முடியாது. அதோடு, வளர்ச்சியை விட்டத்தில் பார்த்தால் கண் ஏமாறும்: 10 மில்லிமீட்டர் உருண்டை 12.6 ஆனாலே அதன் கனஅளவு இரட்டிப்பாகிவிடுகிறது. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, குறுந்தகட்டில் உள்ள படங்களே வேண்டும். பித்தப்பைக் கல்லுக்கோ சிறுநீரகக் கல்லுக்கோ, ஐந்து, ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வயிற்று ஸ்கேன் எப்போதாவது எடுத்தார்களா என்று அம்மாவிடமே கேளுங்கள். பல வேளை அவர்களுக்கு நினைவிருக்கும், நாம்தான் கேட்பதில்லை. கிடைத்தால், பயாப்சிக்கு நாள் குறித்திருந்தாலும் அதற்கு முன்பே கொண்டுபோய்க் காட்டுங்கள். அதே இடத்தில் அதே அளவில் அன்றைக்கும் இருந்திருந்தால், அந்த ஊசி இப்போதே தேவையா என்று மருத்துவர்களே மறுபடி யோசிக்கக்கூடும். கிடைக்காவிட்டால் நாளைத் தள்ளிப்போடாமல் திசுவை எடுக்க விடுங்கள்.