வாழ்நாள் முழுக்கத் துணை வேடங்களிலேயே நடித்த ஒருவரை வெற்றி பெற்ற நடிகர் என்று சொல்ல முடியுமா?

தாராளமாகச் சொல்லலாம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு டெல்லி கணேஷ் முகம்தான் வந்தது. அதற்குக் காரணம் என் பெரியப்பா.

பெரியப்பா திருநெல்வேலி பக்கம் கல்யாணச் சமையல் செய்தவர். எங்கள் ஊரில் தவசுப்பிள்ளை என்போம். சினிமா பார்க்கும் பழக்கமே கிடையாது. ஒரு தீபாவளிக்கு டிவியில் 'மைக்கேல் மதன காமராஜன்' ஓடிக்கொண்டிருந்தது. சாம்பாரில் மீன் விழுகிற கலாட்டாவுக்கு வீடே விழுந்து விழுந்து சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. பந்தி நடக்கும்போது சாம்பார் கெட்டால் சமையல்காரன் வயிறு என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியும். பாலக்காட்டுச் சமையல்காரர் மணி ஐயராக வந்த டெல்லி கணேஷையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏலே, இவரு நெசமாவே அடுப்படியில நின்னவரு மாதிரில்லா இருக்காரு" என்றார். நாற்பது வருடம் கோட்டை அடுப்புப் புகையில் நின்ற மனிதர் சொன்ன வார்த்தை அது. எந்த விருதும் அதற்கு ஈடாகாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

டெல்லி கணேஷ் எங்கள் பக்கத்துக்காரர் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் வழியில் இருக்கிற வல்லநாட்டில் 1944-ல் பிறந்தவர். அந்த மண்ணில் பிறந்தவர் வாயில் பாலக்காட்டுத் தமிழ் அவ்வளவு இயல்பாக உட்கார்ந்தது. வட்டார வழக்கு என்றால் வார்த்தையைக் கோணலாக இழுத்தால் போதும் என்று நினைக்கிற நடிகர்கள் உண்டு. இவர் வார்த்தையோடு அந்த மனிதரின் பயம், பாசம், மானம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

நடிப்பதற்கு முன் 1964 முதல் 1974 வரை பத்து வருடம் இந்திய விமானப்படையில் வேலை பார்த்தார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நாடகம் போட்டார். அப்புறம் 1977-ல் பாலசந்தர் 'பட்டினப் பிரவேசம்' படத்தில் அறிமுகப்படுத்தினார். கணேசன் என்ற பெயரை டெல்லி கணேஷ் ஆக்கியவரும் அவர்தான். 1981-ல் 'எங்கம்மா மகாராணி'யில் நாயகனாகவும் நடித்திருக்கிறார். ஆனால் நாம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்தப் படத்துக்காக இல்லை.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 'பசி' வந்தது 1979-ல். அதில் ஷோபாவின் அப்பா, ரிக்‌ஷாக்காரர் முனியாண்டியாக இவர் நடித்தபோது வயது 35. அந்த வயதில் நாயகர்கள் கல்லூரி மாணவனாக நடித்துக்கொண்டிருப்பார்கள். வயசுக்கு வந்த பெண்ணுக்கு அப்பனாக நிற்க இவர் தயங்கவில்லை. தமிழக அரசின் சிறப்புப் பரிசும் அந்த வேடத்துக்குக் கிடைத்தது. ஆனால் முப்பத்தைந்தில் அப்பாவாகிவிட்டால் திரும்பி இளைஞனாக வர முடியாது. குணச்சித்திர நடிகர் ஆவதென்றால் இந்தக் கதவு சாத்தப்படுவதையும் சேர்த்து ஒப்புக்கொள்வதுதான். சம்பளமும் பெரும்பாலும் நாள் கணக்கில். போஸ்டரில் முகம் வராது. கதை யாருடையதோ, அதில் நமக்கு நாலு காட்சி.

அந்த நாலு காட்சியில் ஒரு முழு ஆளைக் காட்ட வேண்டும். அதற்கு அவர் எப்படி மாறினார் என்று பாருங்கள். 1987-ல் 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கரின் கூடவே நிற்கும் ஐயர். 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கொலைக்கு அஞ்சாத வில்லன்களில் ஒருவர். மறு வருடமே மணி ஐயர். 'அவ்வை சண்முகி'யில் சேதுராம ஐயர். நாலிலும் எதிரே நிற்பவர் கமல்தான். கமல் தன் உருவத்தையே மாற்றிக்கொண்டு வந்தபோதெல்லாம் இவர் அதே மீசையோடோ, மீசை இல்லாமலோ, சாதாரண முகத்தோடு நின்றார். நாயகன் செய்கிற வித்தையை நாம் நம்புவதற்கு, எதிரே ஒருவர் அதை நம்ப வேண்டும். அந்த வேலையை இவர் செய்தார். எதிராளி பேசும்போது இவர் கேட்கிற விதத்தைக் கவனித்தால் புரியும்.

சின்னத்திரையிலும் 'கஸ்தூரி', 'செல்லமே' என்று நடித்தார். சீரியல்தானே என்று குறைத்து நடித்த மாதிரி எனக்குத் தோன்றியதில்லை. எழுபது வயதில், பேட்மேன் சென்னைக்காரராக இருந்தால் எப்படி இருக்கும் என்று எடுத்த ஒரு யூடியூப் வீடியோவில் பேட்மேனின் வீட்டு ஆளாக வந்து, தன் பேரன் வயதுப் பிள்ளைகளோடு அதே சிரத்தையோடு நடித்தார். 47 வருடத்தில் 400-க்கும் மேற்பட்ட படங்கள். வருடத்துக்கு எட்டு, ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை இயக்குநர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதை வெற்றி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

2024 நவம்பரில், 80 வயதில் காலமானார். விமானப்படையிலிருந்து வந்து மரியாதை செலுத்தினார்கள். பெரியப்பா அதற்கு முன்பே போய்விட்டார். இருந்திருந்தால் பேப்பரில் அந்தச் செய்தியைக் காட்டியிருப்பேன்.

இன்னும் சந்தேகம் இருந்தால் 'சிந்து பைரவி'யை ஒரு முறை போட்டுப் பாருங்கள். மிருதங்க வித்வான் குருமூர்த்தியாக இவர் கச்சேரிக்குக் குடித்துவிட்டு வருவார், பாடகர் ஜேகேபியாக நடித்த சிவகுமார் அவரை வெளியே அனுப்பிவிடுவார். அந்த இடத்தில் சிவகுமாரை விட்டுவிட்டு இவர் முகத்தை மட்டும் பாருங்கள்.