இன்னும் எவ்வளவு கொடுத்தால் நான் இந்த வீட்டுப் பிள்ளை?

அன்புள்ள அக்காவுக்கு,

பாம்பன் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். பிறந்தது மண்டபம் அகதிகள் முகாமில், 1991-ல். அப்பாவும் அம்மாவும் அதற்கு முந்தின வருஷம் வவுனியாவிலிருந்து மன்னார் வந்து, அங்கிருந்து படகேறி ராமேஸ்வரம் கரையில் இறங்கியவர்கள். நாங்கள் இந்துக்கள். இவரை விரும்பித்தான் கட்டினேன். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கியதும் யாருடைய கட்டாயத்துக்காகவும் இல்லை, சின்ன வயதில் எங்களுக்குப் பாடம் சொல்லித்தந்த சிஸ்டர்மாரைப் பார்த்துப் பார்த்து மனதில் விழுந்த ஆசை அது.

கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகப்போகிறது, இரண்டு பிள்ளைகள். மாமிக்கு மூட்டுவலி, அதனால் சமையல், தண்ணீர் பிடிப்பது, கருவாடு காயப்போடுவது, அவர்களைக் குளிப்பாட்டுவது எல்லாம் நான்தான். பங்குக் கோயிலைக் கூட்டுவேன், அன்பியக் கூட்டம் (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழு) என்றால் முதல் ஆளாகப் போய்ப் பாய் விரிப்பேன். ஆனாலும் ஊரில் என் பெயர் 'முகாம் பிள்ளை'தான். நான் பேசுகிற பேச்சைப் பிள்ளைகள் முன்னாலேயே கேலி பண்ணுகிறார்கள். போன வருஷம் இவர் போன விசைப்படகை இலங்கை நேவி பிடித்து யாழ்ப்பாணம் சிறையில் வைத்திருந்தபோது மாமி என்னைப் பார்த்து, "உன் ஊர்க்காரன்தானே என் பிள்ளையைப் பிடிச்சு வச்சிருக்கான்" என்றார்கள். எனக்கும் அவர் புருஷன்தானே அக்கா, நானும்தானே அழுதுகொண்டிருந்தேன்.

இந்த வருஷம் பெரிய வியாழனுக்கு, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துச் சாமியார் கால் கழுவும் பன்னிரண்டு பேர் பட்டியலில் எங்கள் அன்பியத்துக்கு என் பெயரைக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "ஊர்க்காரங்க இத்தனை பேர் இருக்கும்போது முகாம்ல இருந்து வந்ததை உட்கார வைக்கணுமா" என்று கேட்டிருக்கிறார். மாமியும் "அவளுக்கு எதுக்கு அதெல்லாம்" என்று சொல்லிவிட்டார்கள். இவர் வாயே திறக்கவில்லை. பெயரை எடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரிப் பிரசங்கத்தில், இயேசுவைப் போல நம்மையே வெறுமையாக்கி அன்பு செய்ய வேண்டும் என்று சாமியார் சொன்னார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: இன்னும் எவ்வளவு?

சனிக்கிழமை ராத்திரியானால் தூக்கம் வருவதில்லை, மறுநாள் பூசைக்குப் போகவேண்டும் என்று நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. எங்கேயாவது கண்காணாமல் போய்விடலாம் போல இருக்கிறது. மாமி கெட்டவர் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் தனுஷ்கோடியில் பிறந்தவர்கள், 1964 புயலில் வீடு வாசல் எல்லாம் போய், ஆறு வயதில் உடுத்திய துணியோடு இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்வார்கள். சில நாள் என் பிள்ளைகளுக்கும் எனக்கும் மீன் ஆய்ந்து வைத்துக் காத்திருப்பார்கள், மறுநாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். நான் என்ன செய்யட்டும்?

- பெயர் வேண்டாம், பாம்பன்

---

அன்புத் தங்கைக்கு,

முதலில் உங்கள் உடம்பும் மனசும். தூக்கமின்மையும் படபடப்பும் நீங்கள் சொல்கிற அளவுக்கு இருந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். 'கண்காணாமல் போய்விடலாம்' என்பது சாவைப் பற்றிய நினைப்பாக மாறுகிற ராத்திரி ஏதாவது வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசாங்க உதவி எண் அது, இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

சரி, இனி உங்கள் கேள்வி. 'இன்னும் எவ்வளவு' என்று கேட்கிறீர்கள். நான் யோசித்துத்தான் எழுதுகிறேன்: இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அன்றைய பிரசங்கத்தில் தவறில்லை, ஆனால் அதைக் கேட்டுத் தன்னைத் தேடிப் பார்த்திருக்க வேண்டியவர்கள் முன்வரிசையில் இருந்தவர்கள், பெயர் எடுக்கப்பட்டுப் பின்னால் நின்ற நீங்கள் இல்லை. வெளியிலிருந்து வந்தவர்களை உள்ளே சேர்ப்பதற்கு ஒரு விலை உண்டு, அதை உள்ளே இருப்பவர்கள்தான் கொடுக்கவேண்டும். வாசலில் நிற்பவளிடமே அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு அதற்கு 'தியாகம்' என்று பெயர் வைப்பது சுவிசேஷத்தில் எங்கும் இல்லை.

யோவான் சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தவர் அந்தப் பந்தியின் தலைவர். சீடர்களில் யாரையும் அவர் முதலில் தகுதி பார்த்து உட்கார வைக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் காட்டிக்கொடுக்கப்போகிறவனின் காலையும் கழுவினார். 2016 ஜனவரி வரை திருச்சபைச் சட்டப்படி ஆண்களின் கால்களை மட்டும்தான் கழுவவேண்டும் என்று இருந்தது, அதைப் போப் பிரான்சிஸ் மாற்றிப் பெண்களையும் சேர்க்கலாம் என்றார். அந்த வருஷப் பெரிய வியாழனன்று அவர் போனது ரோமுக்கு வெளியே காஸ்டெல்நுவோவோ தி போர்ட்டோ என்ற ஊரில் அகதிகள் தங்கியிருந்த மையத்துக்கு. கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் ஓர் இந்துவும் உட்கார்ந்திருந்தார்கள், எல்லார் காலையும் முழங்காலிட்டுக் கழுவி முத்தமிட்டார். ஆக, முகாமில் பிறந்த பெண் அந்த நாற்காலியில் உட்காரலாமா என்று உங்கள் ஊர்ப் பெரியவர் கேட்ட கேள்விக்குத் திருச்சபை பதில் சொல்லிப் பல வருஷமாகிவிட்டது. இதை உங்கள் பங்குத்தந்தையிடம் நீங்களோ அன்பியத் தலைவியோ நேரில் போய்ச் சொல்லலாம். சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ரூத் ஆகமம்தான் ஞாபகம் வந்தது. நம் கோயில்களில் அந்தக் கதையை மருமகளுக்குப் புத்தி சொல்லவே எடுக்கிறார்கள், 'ரூத்தைப் போல இரு' என்று. முழுக்கப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ரூத்தின் மாமியார் நகோமி, கணவனையும் பிள்ளைகளையும் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பி வந்ததும் ஊர்ப் பெண்களிடம் சொல்வது என்ன? நிறைவோடு போனேன், கடவுள் என்னை வெறுங்கையாய்த் திரும்ப வைத்துவிட்டார் என்கிறாள். அப்போது ரூத் பக்கத்திலேயே நிற்கிறாள், எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கூட நடந்து வந்த மருமகள்! அவள் கண்ணுக்கே தெரியவில்லை, துக்கம் அப்படி மறைக்கும். உங்கள் மாமி, மகன் சிறையில் இருந்த நாட்களில் சொன்ன வார்த்தையும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். அது நியாயம் என்று சொல்லவில்லை, அது உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ரூத் அதற்குப் பிறகும் வயலில் கதிர் பொறுக்கினாள், மாமியாரைப் பார்த்துக்கொண்டாள், எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள், ஆனாலும் 'மோவாபியப் பெண்', அதாவது வேற்று நாட்டுக்காரி, என்ற பெயர் போகவே இல்லை. அவள் இன்னும் கூடுதலாக உழைத்து அது மாறவில்லை. மாறுவதற்கு உள்ளூர்க்காரன் ஒருவன் இழக்கத் தயாராக வேண்டியிருந்தது. நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் இருந்தான், நகோமியின் நிலம் என்றதும் வாங்கிக்கொள்கிறேன் என்றான், கூடவே ரூத்தையும் ஏற்க வேண்டும் என்றதும் என் சொத்து கெட்டுப்போகும் என்று பின்வாங்கினான். இன்னொரு உறவுக்காரனான போவாஸ் ஊர் வாசலில், பெரியவர்கள் முன்னால், எல்லாரும் கேட்க அவளை ஏற்றுக்கொண்டான். அந்தப் போவாஸை ராகாபின் மகன் என்று மத்தேயு முதல் அதிகாரம் சொல்கிறது, அதாவது எரிகோவிலிருந்து வந்த அன்னியப் பெண் ஒருத்தியின் பிள்ளை! இதே வரிசையில்தான் பிறகு இயேசு பிறக்கிறார்.

அப்போஸ்தலர் பவுலும் வெளியாட்களைச் சேர்த்ததற்கு இதே போல விலை கொடுத்தவர்தான். எருசலேம் கோயிலில் பிற இனத்தார் இதற்கு மேல் வந்தால் சாவுதான் என்று கிரேக்கத்தில் எழுதி ஒரு தடுப்பு இருந்தது, அந்தக் கல்வெட்டு ஒன்று 1871-ல் கிடைத்தது. எபேசு ஊரைச் சேர்ந்த துரோப்பீமைப் பவுல் அந்தத் தடுப்புக்கு உள்ளே கூட்டிவந்துவிட்டார் என்று சந்தேகப்பட்டுத்தான் கூட்டம் அவரை அடித்தது, பிறகு அவர் கைதியானார். நீங்கள் இனி அன்னியர் இல்லை, கடவுளின் வீட்டார் என்ற வசனம் எபேசியர் கடிதத்தில்தான் இருக்கிறது. அதே கடிதத்தில் அவர் தன்னைப் பிற இனத்தாருக்காகச் சிறைப்பட்டவன் என்கிறார். வாசல் திறந்ததற்கு அடி வாங்கியது யார் என்று பாருங்கள்.

இப்போது வீட்டு விஷயம். மாமி ஒருநாள் மீன் ஆய்ந்து வைத்துக் காத்திருக்கிறார், மறுநாள் முகம் திருப்புகிறார் என்றீர்களே, எப்போதுமே வெறுப்பாக இருந்தால் மனசு ஒருவழியாக விட்டுவிடும். எப்போதாவது கிடைக்கிற அன்புதான், இன்னும் கொஞ்சம் செய்தால் நிரந்தரமாகிவிடும் என்று ஆளை ஓட வைக்கும். ஆகவே நீங்கள் செய்கிற ஒவ்வொரு வேலையையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள், யாரும் பார்க்காவிட்டாலும் இதைச் செய்வேனா என்று. மாமியைக் குளிப்பாட்டுவதை ஒருவேளை செய்வீர்கள், அது அன்பு, அதை விடவேண்டாம். அன்பியத்துக்கு ஒவ்வொரு முறையும் முதல் ஆளாகப் போய்ப் பாய் விரிப்பது பயத்தில் செய்வதாக இருந்தால் நிறுத்திவிட்டு மற்றவர்களைப் போல வந்து உட்காருங்கள். முதலில் குற்ற உணர்ச்சி வரும், சில வாரத்தில் குறையும்.

மாமியிடம் தனுஷ்கோடியைப் பற்றிக் கேளுங்கள். 'நீங்களும் அப்படித்தானே வந்தீர்கள்' என்று குத்திக்காட்ட இல்லை, அப்படிக் கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். அந்த டிசம்பர் ராத்திரிக்குப் பிறகு யார் வீட்டில் தங்கினீர்கள், யார் சோறு போட்டார்கள், ஊர்ப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்களா என்று கேளுங்கள், உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எகிப்தில் நீங்களும் அன்னியராய் இருந்தீர்களே என்று மோசே சட்டம் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஞாபகத்துக்காகத்தான். உடனே மாறிவிடுவார் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். உங்கள் அம்மா அப்பா படகேறிய கதையையும் ஒருநாள் அவர் கேட்கக்கூடும்.

கடைசியாக, இந்தப் பத்தியை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். தம்பி, பெரிய வியாழன் பட்டியலில் இருந்து உன் மனைவியின் பெயரை எடுத்தபோது நீ வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கும் ஊருக்கும் நடுவில் வாழவேண்டியவன், நாளைக்குப் படகில் சேர்ந்து போகவேண்டியவர்கள் இவர்கள், உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ பேசாமல் இருந்ததன் வலி முழுவதும் அவள் தலையில் விழுந்திருக்கிறது. அந்தப் பெரியவர் வீட்டுக்கு நீயே போ, 'அவள் என் மனைவி, இந்தப் பங்கின் ஆள், அவள் பெயரை எடுத்தது தப்பு' என்று மரியாதையாகச் சொல். அம்மா முன்னாலும் அதே வார்த்தையைச் சொல். நாலு பேர் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம், அதைப் பொறுத்துக்கொள். அடுத்த வருஷப் பட்டியல் போடுகிற கூட்டத்துக்கு அவளை அனுப்பாதே, நீ போ.

அன்புடன்,
உங்கள் அக்கா