ஜெர்மனி ப்ளூ கார்டு கேள்வி பதில்: பெயர், தேதி, டொச் (ஜெர்மன் மொழி)

ஸ்டுட்கார்ட்டில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களின் காகிதங்களைப் பார்ப்பதுதான் பிழைப்பு. 2013இல் நானே ப்ளூ கார்டில், அதாவது படித்த வெளிநாட்டவருக்கு இங்கே தரும் வேலை, வசிப்பு அனுமதியில் வந்தவள். வக்கீல் இல்லை, ஏஜென்ட்டும் இல்லை. மாவு அரைத்து வைத்தாயிற்று, சனிக்கிழமை சாயங்காலம் சும்மாதான் இருக்கிறேன். கேளுங்கள்.

ஓசூர் மெக்கானிக்கல்: அக்கா, வருடத்துக்கு 47,000 யூரோ ஆஃபர் வந்திருக்கு. ப்ளூ கார்டுக்குப் போதுமா?

2026க்குப் பொது வரம்பு 50,700 யூரோ. ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கு 45,934.20. எஞ்சினியர், ஐடி, டாக்டர் எல்லாம் இந்தக் குறைந்த வரம்பில் வருவார்கள். படித்து முடித்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்கும் இதே வரம்புதான். நீங்கள் எஞ்சினியர் வேலைக்கே போவதானால் போதும். ஆனால் குறைந்த வரம்பில் போகிறவர்களுக்கு மத்திய வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் வேண்டும், அதை விசா கொடுக்கும் அலுவலகமே கேட்டு வாங்கும். 47,000இல் எவ்வளவு நிலையான சம்பளம் என்று பாருங்கள். 'நன்றாக வேலை செய்தால் போனஸ்' என்பதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஓய்வூதியப் பிடித்தத்தின் உச்சவரம்பு இந்த வருடம் 1,01,400 யூரோ. அதில் சரிபாதி பொது வரம்பு, 45.3 சதவீதம் குறைந்த வரம்பு. அதனால்தான் ஜனவரிக்கு ஜனவரி மாறுகிறது. போன வருடம் 48,300 என்று யூடியூபில் சொன்னவர் அன்றைக்குச் சரியாகத்தான் சொன்னார்.

இரண்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை இதைக் கேட்காதீர்கள்.

சேலம் பையன்: எங்க காலேஜ் பேர் அனாபின் தளத்தில் இல்லையே?

அனாபின் என்பது வெளிநாட்டுப் பட்டத்துக்கு ஜெர்மனியில் என்ன மதிப்பு என்று பார்க்கும் தளம். அதில் உங்கள் காலேஜைத் தேடாதீர்கள். பட்டச் சான்றிதழில் யார் முத்திரை இருக்கிறதோ அந்தப் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். அது எச் ப்ளஸ் (அங்கீகாரம் உண்டு) என்று இருந்து, உங்கள் பட்டமும் பட்டியலில் இருந்தால் பிரின்ட் எடுத்து வைக்கலாம். இல்லையென்றால் பான் நகரில் இருக்கும் மைய அலுவலகத்தில் பட்ட மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும்.

டிகிரி இல்லாதவன்: டிப்ளமோதான். சாஃப்ட்வேரில் 9 வருடம். வாய்ப்பு உண்டா?

உண்டு. ஐடிக்கு மட்டும் 2023 நவம்பரிலிருந்து இந்தக் கதவு திறந்திருக்கிறது. கடைசி ஏழு வருடத்தில் மூன்று வருட அனுபவம், சம்பளம் குறைந்த வரம்புக்குக் கீழே போகக் கூடாது. 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணியாற்றினார், நல்ல நடத்தை' என்ற நாலுவரிக் கடிதம் உதவாது. என்ன வேலை, என்ன தொழில்நுட்பம், என்ன பொறுப்பு என்று பழைய கம்பெனியிடம் விரிவாக எழுதி வாங்குங்கள்.

விழுப்புரம்: பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. டிகிரியில் பேருக்குப் பின்னால் இனிஷியல். பிரச்சனை வருமா?

வரும். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஜெர்மானியக் கணினிக்கு அது இல்லாமல் ஓடாது. சர்நேம் காலியாக இருந்தால், உங்கள் பெயரையே குடும்பப் பெயராக்கி, முதற்பெயர் இடத்தில் ஒரு கூட்டல் குறி போட்டுவிடுவது உண்டு. அப்புறம் வங்கியில், காப்பீட்டில், செல்போன் கடையில், பார்க்கிறவரெல்லாம் 'இது என்ன கூட்டல்?' என்பார்கள். சரி, அப்பா பெயரை சர்நேம் ஆக்கலாம் என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு. நான் அப்படித்தான் செய்தேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் ஃப்ராவ் (திருமதி) சுப்பையா. கடிதங்களில் பாதி ஹெர் (திரு) சுப்பையாவுக்கே வருகிறது. செங்கோட்டையிலிருந்து மதுரை தாண்டாத மனுஷனுக்குப் பல் ஆஸ்பத்திரி நினைவூட்டல் அனுப்புகிறார்கள். என் கணவருக்கு அவர் அப்பா பெயர். பிள்ளை பிறந்தபோது பதிவு அலுவலகத்தில் 'எந்தக் குடும்பப் பெயர்?' என்று கேட்டார்கள். என் கணவரின் சொந்தப் பெயரைக் காட்டினோம், நம் வழக்கம் அதுதானே. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூன்று மாதம் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் இப்போது மூன்று குடும்பப் பெயர்கள். கதவுமணிப் பலகையில் இடம் பற்றவில்லை.

அதனால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டை மாற்றுங்கள். கல்யாணம் ஆனவரென்றால் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். வேலை ஒப்பந்தம் புதிய பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே வரட்டும். டிகிரியில் இருப்பதும் நானே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் கையில் இருக்கட்டும். டிராவல் ஏஜென்ட் உங்கள் பெயரை முடிவு செய்ய விடாதீர்கள்.

எம்பிபிஎஸ்: டாக்டருக்கு?

மருத்துவ உரிமம் வாங்காமல் ப்ளூ கார்டு பேச்சே இல்லை. அது வேறு துறை, தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

டேட்டா அனலிஸ்ட்: 46,500 போதுமாக்கா?

முதல் பதில்.

முனிச் புதுசு: ஆறு மாசம் கூட ஆகல. கம்பெனியில ஆள் குறைக்கிறாங்க. ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேக்குறாங்க.

போடாதீர்கள். இன்றைக்குப் போடவே போடாதீர்கள்.

அந்தப் பேப்பர் ஆஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக் ஆக இருந்தால், 'நானும் சம்மதித்தே விலகுகிறேன்' என்று அர்த்தம். இங்கே வேலை பார்த்த காலத்தில் வேலையில்லாக் காப்பீட்டுப் பணத்துக்குத் தகுதி பெற்றவருக்குப் பொதுவாக 12 வாரப் பணம் அதனால் நின்றுபோகும். உங்களுக்கு அந்தத் தகுதிக்கு வேண்டிய 12 மாதம் இன்னும் சேரவில்லை, ஆனாலும் கையெழுத்து கையெழுத்துதான். சோதனைக்காலமென்றால் அவர்களே இரண்டு வார நோட்டீசில் அனுப்பலாம். அப்படியே அனுப்பட்டும், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை போவது உறுதியானால் மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு முகமையில் பதியுங்கள். வேலை முன்கூட்டியே முடிகிறது என்று தெரிந்து இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். 'சொன்னால் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள்' என்று அறை நண்பர் சொல்வார். கேட்காதீர்கள். கம்பெனியும் நான்கு வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும், உங்கள் மௌனம் தானாகத் தெரிந்துவிடும். 2021 ஐரோப்பிய உத்தரவுப்படி, ப்ளூ கார்டு வாங்கி இரண்டு வருடம் ஆகாதவருக்கு மூன்று மாதம், ஆனவருக்கு ஆறு மாதம் ஆகும் முன், வேலையில்லை என்பதை மட்டுமே காரணமாக வைத்துக் கார்டை ரத்துசெய்யக் கூடாது. அந்த மூன்று மாதம் உங்கள் கையில் இருக்கிறது. இன்றைக்கே தேட ஆரம்பியுங்கள்.

டல்லாஸ்: எச்1பி-க்கு லட்சம் டாலர் கட்டணம் போட்டாங்களே, கனடா நல்லதா ஜெர்மனியா?

கனடா பற்றி எனக்குத் தெரியாது. அடுத்தவர்.

ஹைடெல்பெர்க்: அம்மா அப்பாவைக் கூட்டி வரலாமாமே?

முதல் அனுமதி 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ கிடைத்திருந்தால் சட்டம் இடம் தருகிறது. நான் 2013. எனக்கில்லை. உங்களுக்கு முட்டுக்கட்டை விசா அல்ல, மருத்துவக் காப்பீடு. எழுபது வயதுக்காரருக்கு முழுக் காப்பீடு கொடுக்கும் கம்பெனியை முதலில் கண்டுபிடியுங்கள், மீதியைப் பிறகு பேசுவோம்.

நியூரம்பெர்க்: கார்டு அடுத்த மாசம் முடியுது. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கல. தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போலாமா?

தேதி முடியும் முன்னால் விண்ணப்பித்துவிடுங்கள். அப்பாயின்ட்மென்ட் வேறு, விண்ணப்பம் வேறு. நேரத்துக்குள் கொடுத்தால் பழைய அனுமதி முடிவு வரும்வரை நீடிக்கும். ஆனால் அப்படி நீடிக்கிறது என்று சான்று சொல்லும் ஃபிக்ஷன் சர்டிபிகேட் என்ற காகிதம் கையில் வராமல் விமானம் ஏறாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்ற மின்னஞ்சலை பிரின்ட் எடுத்துக்கொண்டு போனார். திரும்பும்போது சென்னை கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள். காகிதம் வந்ததும் உள்ளே மூன்று கட்டங்களில் எது டிக் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். பிரிவு 81, உட்பிரிவு 4 என்றால் போய்விட்டு வரலாம். வேறு கட்டமென்றால் மொய்யை ஆன்லைனில் அனுப்புங்கள்.

பெர்லின் டெவலப்பர்: எல்லாரும் ஜெர்மன் படி ஜெர்மன் படின்னு பயமுறுத்துறீங்க. ஆபீஸ் ஆங்கிலம், கடை ஆங்கிலம். நிரந்தர அனுமதிக்கு ஜெர்மன் தேர்வில் ஆரம்ப நிலை ஏ1 போதும், 27 மாசம். நடு நிலை பி1 இருந்தா 21. ஆறு மாசத்துக்காக யார் ராத்திரி வகுப்புக்குப் போவாங்க?

கணக்கு சரி. ஆனால் வேலை போனால் வரும் கடிதம் ஆங்கிலத்தில் வராது. குடியுரிமைக்கு எப்படியும் பி1 வேண்டும். மூன்று வருடக் குறுக்குவழியையும் 2025 அக்டோபரில் மூடிவிட்டார்கள், இனி ஐந்து வருடம்தான்.

பெர்லின் டெவலப்பர்: நம்மளை அவங்கதான் கூப்பிட்டாங்க. நமக்கேத்த மாதிரி அவங்க மாறட்டும்.

கூப்பிட்டது புதிதல்ல. 2000இல் அப்போதைய சான்சலர் ஷ்ரோடர் ஐடி ஆட்களுக்கு 20,000 கிரீன் கார்டு என்றார். அந்த வருடமே நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத் தேர்தலில் சிடியு கட்சியின் பக்கம் 'கிண்டர் ஷ்டாட் இண்டர்' என்ற கோஷம் ஓடியது. இந்தியர் வேண்டாம், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று பொருள். அந்தத் தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது. கோஷத்தின் பொருள் புரிய நம் ஆட்களுக்கு எத்தனை நாள் ஆயிற்றோ.

ஹம் அண்ணை: தங்கச்சி, நான் இடையில கதைக்கிறன், குறை நினைக்காதேங்கோ. 85இல கிழக்கு பெர்லினில வந்து இறங்கினனான். அங்கயிருந்து ரயிலில மேற்குக்கு. எங்களை ஒருத்தரும் கூப்பிடேல்லை. வேலை செய்யக் கூடாது எண்டு தடை. பிறகு ரெஸ்டோரண்டில கோப்பை கழுவி, சமையல்காரன் ஏசுற ஏச்சிலதான் டொச் படிச்சனான். தம்பி, ஏச்சு விளங்கினாத்தான் திருப்பி ஏசலாம்.

பெர்லின் டெவலப்பர்: ஐயா, அது அகதி விஷயம். நாங்க ஸ்கில்டு.

ஹம் அண்ணை: ஓம் தம்பி. அலுவலகம் அதே அலுவலகம்தான். வரிசையும் அதேதான்.

தம்பி, ஆள் குறைத்த அன்று உங்கள் ஸ்கில் என்ன என்று அந்த கவுன்டரில் கேட்க மாட்டார்கள். அண்ணை, தொடர்ந்து எழுதுங்கோ.

கோவை: சான்ஸன்கார்ட்டே (வேலை தேடும் அனுமதி) எடுத்து வந்து வேலை தேடலாமா?

வேலை ஆஃபர் வாங்கும் தகுதி இருப்பவர் ஊரிலிருந்தே தேடுங்கள். சேமிப்பைக் கரைத்துக்கொண்டு தேடுவது வேறு மாதிரி தேடல்.

திருச்சி: அக்கா, 48,000 ஓகேவா?

முதல் பதில், முதல் பதில், முதல் பதில்.

விழுப்புரம்: நன்றிக்கா. அப்பாவுக்கு வர்ற கடிதமெல்லாம் என்ன செய்வீங்க?

ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது வாசித்துக் காட்டுவேன். 'இந்த மாசம் எனக்கு என்ன வந்திருக்கு?' என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். போன வாரம் ஒரு காப்பீட்டுக் கம்பெனி அவரைப் பனிச்சறுக்கு விபத்துக்குப் பாலிசி எடுக்கச் சொல்லியிருந்தது.