அடிக்குறிப்பில் இபிட், ஆப். சிட்., எட் ஆல்: எதை எங்கே போடுவது?

இபிட் என்றால் சரியாக முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல். நம் ஆய்வேடுகளில் 'மேலது' என்று போடுகிறோமே, அதுதான். பக்கம் மாறினால் எண்ணையும் சேர்க்க வேண்டும்: 'இபிட்., 47'. முந்தைய குறிப்பில் இரண்டு நூல்கள் இருந்தால் இதைப் போடவே கூடாது, எதைச் சுட்டுகிறது என்று தெரியாது.

பெரும்பாலும் கோளாறு திருத்தும்போதுதான் வரும். 12ஆம் குறிப்பில் ஒரு நூல், 13இல் இபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி சொன்னாரென்று நடுவே புதுக் குறிப்பு ஒன்றைச் செருகினால், பழைய 13 இப்போது 14; அதிலுள்ள இபிட் வேறு நூலைக் காட்டும். வேர்ட் எண்களை மாற்றுமே தவிர இதைக் கண்டுபிடிக்காது. அதனால் வரைவு முடியும்வரை ஆசிரியர் பெயர், சுருக்கத் தலைப்பு, பக்கம் என்றே எழுதுங்கள். மேற்கோள் விதிகளைத் தரும் சிகாகோ கையேட்டின் 2017ஆம் ஆண்டு 17ஆம் பதிப்பும் இபிட்டைவிட இந்த முறையைத்தான் விரும்புகிறது.

ஆப். சிட். முன்பே, ஆனால் சற்றுத் தள்ளி வந்த நூலுக்கு. ஆசிரியர் பெயர் முன்னால் கட்டாயம். ஒரே ஆசிரியரின் இரண்டு நூல்களை எடுத்தாண்டிருந்தால் குழப்பம்தான், விட்டுவிடுவதே நல்லது.

எட் ஆல் என்றால் 'மற்றும் பிறர்'. புள்ளி 'ஆல்'க்குப் பின் மட்டும், 'எட்' முழுச்சொல். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) கையேட்டின் 7ஆம் பதிப்பில் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் எழுதியதென்றால், முதல் மேற்கோளிலிருந்தே முதல் பெயருடன் இதைப் போடலாம். நூற்பட்டியலில் அப்படிச் சுருக்காதீர்கள். அங்கே 20 பேர் வரை எல்லாப் பெயரும் வர வேண்டும்.