கண்டாங்கியைப் படமெடுத்து விற்பது எப்படி: கேள்வி பதில்

காரைக்குடியிலிருந்து எட்டு ஆண்டுகளாக இணையத்தில் கண்டாங்கி எனப்படும் செட்டிநாட்டுக் கைத்தறிப் பருத்திச் சேலைகள் விற்று வருகிறேன். படம் எடுப்பது, விவரம் எழுதுவது பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி (தேவகோட்டை): ஆச்சி, அரக்குச் சேலை படத்தில் தக்காளிச் சிவப்பாகத் தெரிகிறது, கடுகு மஞ்சள் வெளிறிப் போகிறது. கைப்பேசி புதியதுதான். என்ன செய்யலாம்?

பதில்: கைப்பேசியை மாற்ற வேண்டியதில்லை. திரை முழுவதும் ஒரே நிறம் நிறைந்திருந்தால், அது துணியின் நிறமா, விழும் வெளிச்சத்தின் சாயலா என்று கேமராவுக்குப் பிரித்தறியத் தெரியாது. சாயல் என்று கணித்து அந்த நிறத்தைத் தானாகவே குறைத்துவிடும். கடுகு மஞ்சள் வெளிறுவது பெரும்பாலும் இதனால்தான். அரக்கின் சிக்கல் வேறு. வெளிச்சம் சற்றுக் கூடினாலும் சிவப்பு உச்சத்தைத் தொட்டுவிடுவதால், ஊடும் பாவும் தெரியாமல் வண்ணம் பூசிய அட்டையைப் போலாகிவிடும்.

சேலையின் ஓரத்தில் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து, அதுவும் படத்துக்குள் வருமாறு எடுங்கள். பிறகு திருத்தும்போது அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைச் சரிசெய்து, தாளை வெட்டிவிடலாம். அரக்குக்கு, திரையில் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்ச அளவை ஒரு படி இறக்கிக்கொள்ளுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், சன்னல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் சேலையின் ஒரு பாதி ஒரு நிறமாகவும் மறுபாதி வேறு நிறமாகவும் வரும். முதல் ஆண்டில் நான் அப்படி மாலை நேரத்தில் எடுத்த ஓர் அரக்குச் சேலை, "நான் கேட்டது இந்த நிறமில்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. போகவர இரண்டு கூரியர் செலவும் என் தலையில்தான் விழுந்தது.

கேள்வி (கானாடுகாத்தான்): எங்கள் பழைய வீட்டு வளவில் (நடுமுற்றத்தில்) ஆத்தங்குடிக் கல் தரையில் விரித்து எடுக்கிறேன். படம் அழகாக இருக்கிறது. ஆனால் சேலை எடுபடவில்லையே?

பதில்: வானம் பார்த்த வளவின் வெளிச்சத்தை எந்த ஸ்டுடியோவும் தராது; நேர்வெயில் உள்ளே விழாத காலை வேளையில் தாழ்வாரத்தின் ஓரமாக எடுங்கள். தரையைத்தான் மாற்ற வேண்டும். ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையும் கண்டாங்கியின் கட்டமும் ஒன்றோடொன்று போட்டியிட்டால் கண் எதிலும் நிற்காது. மேலும், சிவப்புக் கல்லில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் வெளிர்நிறச் சேலையின் அடிப்பகுதியில் செம்மையை ஏற்றிவிடும். கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டால் இரண்டும் தீரும். பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்து நிற்கும் படம் ஒன்று போதும். வாங்குகிறவர் வீட்டை வாங்கப் போவதில்லை.

கேள்வி (புதுவயல்): சிறு கட்டச் சேலைகளின் படத்தில், துணியில் இல்லாத அலைக்கோடுகள் தெரிகின்றன.

பதில்: கட்டத்தின் நெருக்கமும் கேமராவின் புள்ளி வரிசையும் மோதுவதால் வருவது அது. ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்து, சற்றுச் சாய்த்து எடுங்கள். படத்தைச் சிறிதாக்கும்போதும் அது தோன்றக்கூடும் என்பதால், ஏற்றிய பின் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): "கண்கவர் வண்ணம், உயர்ந்த தரம்" என்றெல்லாம் எழுதியும் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சந்தேகம் கேட்கிறார்கள். விவரத்தில் என்னதான் எழுதுவது?

பதில்: அவர்கள் கேட்கும் சந்தேகங்களையே விடைகளாக எழுதுங்கள். கடையில் கை செய்யும் வேலையை இங்கே சொற்கள் செய்ய வேண்டும். நீளத்தை நீங்களே அளந்து, ரவிக்கைத் துணி அதற்குள் அடங்குமா, தனியா என்று சொல்லுங்கள். கரையின் அகலத்தை அங்குலத்தில் தாருங்கள். நூல் 60-ஆம் நம்பரா, 80-ஆம் நம்பரா (நூலின் பருமனைக் குறிக்கும் எண்) என்று நெசவாளரிடம் கேட்டு எழுதுங்கள். சமையலறைத் தராசில் எடை போட்டுக் கிராமில் குறிப்பிடுங்கள். கண்டாங்கி கனமானது, புதிதில் விறைப்பாக இருக்கும், சில சலவைக்குப் பின்னர்தான் உடம்போடு படியும் என்பதை மறைக்க வேண்டாம். மெல்லிய சேலையை எதிர்பார்த்தவர் வாங்காமல் போவது, வாங்கித் திருப்பி அனுப்புவதைவிட நமக்கு மலிவு. முதல் சலவையைத் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். உப்புநீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று மட்டும் எழுதாதீர்கள். சரியாக ஏறாத சாயத்தை உப்பு பிடித்து வைக்காது.

தலைப்பில் நிறம், கட்டமா கோடா, கரை ஆகிய மூன்றும் இருக்கட்டும்: "அரக்கில் கடுகுக் கட்டம், கோபுரக் கரை" என்றால் தேடுபவருக்கும் புரியும், உங்கள் இருப்புக் கணக்குக்கும் உதவும். ஆங்கிலத்தில் கண்டாங்கியைச் சிலர் 'எச்' சேர்த்தும் சிலர் சேர்க்காமலும் தேடுவதால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் விவரத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (காரைக்குடி): வெளியூர் விசைத்தறிச் சேலையும் வைத்திருக்கிறேன், அம்மா. அதையும் காரைக்குடிக் கண்டாங்கி என்று போடலாமா?

பதில்: கூடாது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயரைப் பொய்யாகச் சூட்டி விற்பது 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி குற்றம். "கட்டம் போட்ட விசைத்தறிப் பருத்திச் சேலை" என்று எழுதினாலும் விற்கும், விலைதான் குறையும்.

கேள்வி (கோட்டையூர்): மாடலுக்குச் செலவழிக்க முடியவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் சேலை கட்டிய பெண்ணை உருவாக்கிக்கொள்ளலாமா?

பதில்: நான் முயன்று பார்த்துக் கைவிட்டேன். மடிப்புக்குள் செல்லும் கட்டங்களை அது தன் விருப்பப்படி வரைந்தது. நான்கு விரல் கரை ஒரு சாண் அகலமாகியிருந்தது. பின்கொசுவம் (கொசுவ மடிப்பு பின்பக்கம் வரும் கட்டு) கட்டிக் காட்டச் சொன்னதற்கு வந்த படத்தைப் பார்த்து என் மாமியார் சிரித்ததை இங்கே எழுத முடியாது. வீட்டில் யாரையாவது கட்டிக்கொள்ளச் சொல்லி, முகம் வராமல் கழுத்துக்குக் கீழே எடுங்கள். மிக அருகில் நின்று எடுத்தால் உருவம் கோணலாகும். ஏழெட்டு அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். அதோடு முந்தானை, கரை, விரலால் பிடித்த நெசவின் நெருக்கம், மடித்த சேலை என ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் சேர்த்தால் போதுமானது.