சண்டிகரில் தங்கி எங்கெல்லாம் சென்று வரலாம்?

கேள்வி: நானும் என் கணவரும் பிப்ரவரி மாதம் ஐந்து நாள்கள் சண்டிகரில் அறை எடுத்துத் தங்கி, அங்கிருந்தே சிம்லாவுக்கும் அமிர்தசரஸுக்கும் காலையில் புறப்பட்டு இரவில் திரும்பிவிட எண்ணியிருக்கிறோம். இது சரிவருமா?
– வாசகி, திருச்சி

பதில்: சண்டிகரைத் தங்குமிடமாகத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவுதான், ஆனால் நீங்கள் குறிப்பிட்ட இரண்டு ஊர்களும் ஒரே நாளில் போய்த் திரும்புவதற்கு ஏற்றவையல்ல. அமிர்தசரஸ் ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், போக வர எட்டு மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே கழிந்துவிடும். பொற்கோயிலை விளக்கொளியிலும் விடியற்காலையிலும் காண வேண்டும் என்பதால், அங்கே ஓர் இரவு தங்குங்கள். சிம்லாவுக்கும் அப்படியே. சண்டிகருக்கு அருகிலுள்ள கால்காவிலிருந்து 96 கிலோமீட்டர் மலையேறும் சிறிய ரயில், 1903ஆம் ஆண்டு முதல் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகளைக் கடந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நம் நீலகிரி மலை ரயிலோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றுள்ள அதில் மேலே செல்லவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஏறும்போது ரயிலிலும், இறங்கும்போது பேருந்திலும் வருவது உடம்புக்கு நல்லது.

ஒரே நாளில் சென்று வர, பிஞ்சோரில் உள்ள முகலாயர் காலத்துத் தோட்டமும், 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சா என்னும் சீக்கியச் சமய அமைப்பை நிறுவிய ஆனந்த்பூர் சாகிபும் பொருத்தமானவை. 17ஆம் செக்டர் பேருந்து நிலையத்தை ஒட்டிய 22ஆம் செக்டர் என்னும் நகரப் பகுதியில் அறை எடுத்தால் அலைச்சல் குறையும்.

ஒரு வேண்டுகோள்: பெட்டியை வைத்துவிட்டுப் போகும் ஊராக மட்டும் சண்டிகரைக் கருதாதீர்கள். பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குத் தலைநகராக, கட்டடக் கலைஞர் லே கொர்பூசியே தலைமையில் 1951 முதல் வடிவமைக்கப்பட்ட நகரம் இது. சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் அமைந்த வளாகத்தை வழிகாட்டியுடன்தான் பார்க்க முடியும் என்பதால், அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், உடைந்த வளையல்களையும் ஓடுகளையும் பீங்கான் துண்டுகளையும் சேர்த்துப் பல ஆண்டுகள் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் உருவாக்கிய பாறைத் தோட்டம், அங்கிருந்து அருகில்தான் இருக்கிறது. ஒரு தனி மனிதரின் பொறுமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அங்கே பார்த்து நான் நெகிழ்ந்திருக்கிறேன். அவசரமில்லாமல் அரை நாள் ஒதுக்குங்கள்.

10ஆம் செக்டர் அருங்காட்சியகத்தில், லாகூர் அருங்காட்சியகச் சேகரிப்பு இரு நாடுகளுக்கும் பிரிக்கப்பட்டபோது இந்தியாவின் பங்காக வந்த காந்தாரச் சிற்பங்கள் உள்ளன. திங்கட்கிழமை அதற்கு விடுமுறை என்பதால், அந்த நாளைப் பிஞ்சோருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.